மஞ்சள் துணி கட்டிய மரம்

நம்மைப்போல் அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கைத்தொலைபேசி ஒரு ஓயாத தொல்லை. போன மாதம் எங்கள் புக்கிட் ரம்பாய் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இரண்டு நாள் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. காலையில் குடியிருப்பாளர் வாட்ஸ்அப் புலனக் குழுவில் ஒருவர், "யாரும் பயப்பட வேண்டாம்" என்று போட்டார். அதுவரை யாரும் பயப்படவில்லை. அதைப் படித்த பிறகுதான் பயந்தார்கள். மத்தியானத்துக்குள் நீர்த்தேக்கத்தில் யானை செத்துக் கிடக்கிறது என்பது வரைக்கும் செய்தி வளர்ந்து, கடைகளில் தண்ணீர்ப் போத்தல் ஒன்றுகூட இல்லை.

குடிக்கலாமா, குளிக்கலாமா, எதுவரைக்கும் தெரியும், எது தெரியாது என்று ஒருவரும் எழுதவில்லை. நான் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். உங்களில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள்தானே, அதனால் சொல்கிறேன். என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஆபத்தைச் சனங்களிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தோட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ரெம்பியா பக்கத்தில் ஒரு பால்மரத் தோட்டம், ரப்பர்தான். மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள், நடுவில் பெரட்டு மேடை. விடியுமுன் அந்த மேடையில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். சனங்கள் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்கள், அதுதான் பெரட்டு. அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். அம்மா களை வெட்டும் கும்பலில் இருந்தார்.

அந்த வருடம் மறுநடவு. பால் வற்றிய கிழட்டு மரங்களை விஷம் பூசி நின்ற நிலையிலேயே சாகடிப்பார்கள். அடிமரத்தில் பட்டையைச் சீவி, சுற்றிலும் பூச வேண்டும். காய்ந்தால் வெள்ளை பூத்ததுபோல் இருக்கும். அதில் ஏதோ உப்புக் கரிப்பு உண்டாம், ஆடு மாடு தேடி வந்து நக்கும். அந்த வேலைக்கு ஆறு பெண்களைப் பொறுக்கி ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிட்டார்கள், அம்மா அதில் ஒருவர், முச்சந்திப் பக்கம் அவருக்கு. முழங்கை வரை கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் வந்தால் எங்களைத் தொடவிடமாட்டார். பீலியடியில், அதாவது பொதுக் குழாயடியில், மஞ்சள் சவுக்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுப்படி ஏறுவார். அந்தச் சவுக்கார வாசத்தோடுதான் அந்த வருடம் முழுக்க அம்மா என் ஞாபகத்தில் இருக்கிறார். இப்போது எந்தக் கடையில் தேடினாலும் அந்தக் கட்டி கிடைப்பதில்லை.

பாதையோரத்தில் விஷம் பூசிய மரங்களுக்கு அடையாளம் போடும்படி துரையின் உத்தரவு. அதை நிறைவேற்ற வேண்டியவர் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கு எழுதுகிறவர். மலாக்கா டவுனிலிருந்து வந்த மனிதர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, நடக்கும்போது செருப்பில் மண் ஒட்டாத நடை. கெட்டவர் இல்லை. ஸ்டோரில் சிவப்புச் சாயம் தீர்ந்துபோயிருந்தது, ஒரு சுருள் மஞ்சள் துணி மட்டும் கிடந்தது. "மஞ்சள்னா தூரத்துலயே தெரியும்லா" என்று சொல்லி, அதைக் கிழித்து மரத்துக்கு மரம் கட்டச் சொன்னார். ஒரு நாள் பெரட்டில் அறிவிப்பும் வாசித்தார். ஆனால் பால் வெட்டுகிற ஆட்கள் பேர் கொடுத்துவிட்டு அதற்கு முன்பே காட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டிலிருக்கும் கிழவர்களும் பிள்ளைகளும் பெரட்டுக்கு வருவதே இல்லை. வாசித்தாகிவிட்டது என்று அவர் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

நீங்களே சொல்லுங்கள். முச்சந்தியில் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பெரிய மரம். அதன் இடுப்பில் புத்தம்புது மஞ்சள் துணி. நம் ஆட்கள் அதைப் பார்த்தால் என்ன செய்வார்கள்?

மறுநாளே ஒரு சூடம் எரிந்திருந்தது. மூன்றாம் நாள் எலுமிச்சம்பழம், அடுத்த நாள் குச்சியில் செய்த சூலம். யார் கனவில் வந்து யார் கட்டிய துணி என்று ஒருவரும் கேட்கவில்லை. சாமி விஷயத்தில் குறுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் நமக்குக் கிடையாது. துணியின் நுனி தொங்கி, அந்த வெள்ளைப் பூச்சையும் பாதி மறைத்திருந்தது. வாரக் கடைசிக்குள் அது முனியாண்டி மரம் ஆகிவிட்டது.

என் அத்தை, அப்பாவின் தங்கை, மேல் லயத்தில் இருந்தார். பால் வெட்டுகிறவர். அவருக்கு ஒரே பையன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவனுக்கு இளைப்பு. இழுக்க ஆரம்பித்தால் அத்தை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடப்பார். தோட்டத்து மருந்தகத்து டிரெஸர் கொடுத்த மாத்திரை, சீனக் கடைத் தைலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அத்தை முனியாண்டிக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டார். தானே வளர்த்த கறுப்புக் கிடா. முச்சந்தியில் சாமி வந்து நின்றதும், தனக்காகத்தான் வந்தார் என்று நம்பினார். சனிக்கிழமை சாயங்காலமே மாமா கிடாவைக் கொண்டுபோய் அந்த மரத்தில் கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை. அம்மாவும் அப்பாவும் ரெம்பியா பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள், நான் மட்டும் போய் நின்றேன். வெட்டுவதற்கு முன் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், அது உடம்பைக் குலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம், உங்களுக்குத் தெரிந்ததுதான். சில கிடா குலுக்காது. அரை மணி நேரம் நிற்க வைக்கும், தெளிக்கிறவர் கெஞ்சுவார். அன்றைக்கு மாமா செம்பைத் தூக்குவதற்கு முன்பே கிடா நடுங்கியது. முன்னங்கால் மடிந்தது. வாயோரத்தில் நுரை. பெண்கள் குலவையிட்டார்கள். அத்தை அழுதுகொண்டே தரையில் விழுந்து கும்பிட்டார். எனக்கும் மெய் சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வெட்டி, இருபது கூறாகப் போட்டு, வாழையிலையில் கட்டி வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். எங்கள் கூறை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். இலைக்குள் சூடாக இருந்தது.

அம்மா வந்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார். அண்டை வீட்டில் இஞ்சியும் பூண்டும் இடிக்கிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லயம் முழுக்க அதே சத்தம்தான். நான் பூசைக் கதையை ஆரம்பித்தேன்.

"ஆட்ட எங்க கட்டியிருந்தாங்க?" என்றார் அம்மா.

"முச்சந்தி மரத்துலதான்மா. மஞ்ச துணி கட்டியிருக்குல்ல, அங்க. நேத்து சாயங்காலத்துலேர்ந்து. தண்ணி தெளிக்கறதுக்கு முன்னாடியே குலுக்கிருச்சு. வாயில நொரகூட வந்துச்சு."

அம்மாவின் கத்தி நின்றது. என்னை இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு எழுந்து, அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தார்.

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "நீதான் பூசினேன்னு மட்டும் சொல்லிராத" என்றார். "என் தங்கச்சிகூட உன்னை விடமாட்டா."

"அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல லோரிய லயத்துக்குக் கொண்டாங்க."

அம்மா கிராணி வீட்டுக்கு ஓடினார், பின்னால் நானும் ஓடினேன். துரை ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கமாட்டார், எல்லாம் கிராணிதான். அம்மா சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வெசம்னு மட்டும் சொல்லாதீங்கலா. சனங்க பெனிக் ஆயிருவாங்க. நான் பக்குவமா சொல்றேன்."

தண்டவாளம் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை எதற்குப் பெரட்டு என்று கேட்டுக்கொண்டே சனங்கள் வந்தார்கள். சில பெண்கள் கையில் கரண்டியோடு வந்தார்கள். கிராணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பக்குவமாகச் சொன்னார்: "இன்னிக்கு வெட்டின ஆட்டுக் கறி கொஞ்சம் சரியில்லன்னு ஒரு தகவல். ஆரும் பயப்பட வேணாம். முடிஞ்சா சமைக்காம இருங்க."

"சரியில்லன்னா? என் கூறு நல்லா செவப்பா இருக்கே" என்றாள் ஒருத்தி.

"கிராணிக்குக் கூறு குடுக்கலன்னு கோவம் போல" என்றது இன்னொரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். மேல் லயத்தில் மசாலா வதக்குகிற வாசம் வந்தது.

அம்மா மேடைமேல் ஏறியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பெண்கள் அங்கே ஏறுவதில்லை. "நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துராது சார்" என்று சொல்லி, கிராணி கையிலிருந்த சுத்தியலை வாங்கித் தண்டவாளத்தை அவரே அடித்தார். நிறுத்தாமல் அடித்தார். என்னை அனுப்பி எங்கள் சட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கூட்டம் திரும்பி வந்ததும், எங்கள் கறியை எல்லாரும் பார்க்க மண்ணில் கவிழ்த்தார். அந்த லயத்தில் கறியை மண்ணில் கொட்டியவர் எவரும் கிடையாது.

"நான் சொல்றத கேட்டுட்டு அப்புறம் என்னைய அடிங்க" என்று ஆரம்பித்தார். "முச்சந்தியில இருக்கறது சாமி மரம் இல்ல. வெசம் பூசின மரம். பூசினது நான், இந்தக் கையால. ஆடு அத நக்கியிருக்கு. அது குலுக்குனது வெசத்தால. அங்க எலுமிச்சம்பழம் இருந்தத நான் நாலு நாளைக்கு முன்னாடியே பார்த்தேன். கிராணிக்குத் தெரியாமயா இருக்கும்னு வாய மூடிக்கிட்டுப் போனேன். அது என் தப்பு. ஆடு எவ்வளவு தின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது. கொதிக்க வச்சா போகுமான்னும் தெரியாது. தெரியாததாலதான் ஒரு துண்டுகூட வேணாங்கறேன். பச்சையோ வெந்ததோ, சட்டியோட இங்க கொண்டாங்க. ஆராச்சும் தின்னிருந்தா ஒளிக்காதீங்க, லோரி நிக்குது."

அவ்வளவுதான் பேச்சு. ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு வார்த்தை மறக்கவில்லை. காரணம், மேல் லயத்தின் கடைசி வீடுகளுக்கு அதை எடுத்துக்கொண்டு ஓடியது நான். அனுப்புவதற்கு முன் என்னை மூன்று தரம் ஒப்பிக்கச் சொன்னார். மரம் விஷ மரம், கறி விஷம், சட்டியோடு மேடைக்கு. இதற்குமேல் என் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்றார். என் வாய்ச் சவடால் அவருக்குத் தெரியும்.

கடைசி வீட்டுக் கிழவர் விடவில்லை. "மஞ்சளக் கொஞ்சம் கூடப் போட்டு நல்லா கொதிக்கவிட்டா எல்லாம் போயிரும் பாப்பா."

"அது அம்மாவுக்குத் தெரியாதாம் தாத்தா. தெரியாததால சாப்பிடக் கூடாதாம்."

கிழவர் சட்டியை எடுத்துக் கொடுத்தார். தெரியாது என்று சொல்கிற ஆளைப் பார்த்து அவருக்கு ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

மேடைக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டினார்கள், நாய் கிளறாமல் இருக்க. அம்மா கூறு கூறாக எண்ணினார். சில பெண்கள் திட்டிக்கொண்டே கொட்டினார்கள், ஒருத்தி அம்மாவின் காலடியில் காறித் துப்பினாள். அம்மா எண்ணுவதை நிறுத்தவில்லை. பத்தொன்பது வந்தது. இருபதாவது அத்தை வீட்டுக் கூறு.

அத்தை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அம்மா தட்டினார்.

"சாமிக்கு நேர்ந்தத மண்ணுல கொட்ட மாட்டேன்" என்றது உள்ளேயிருந்து குரல். "கொட்டிட்டு, என் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அது குலுக்கினத நான் கண்ணால பார்த்தேன். துணி கட்டினது சாமி."

அம்மா சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். நானாக இருந்தால் வாதாடியிருப்பேன். அவர் திரும்பிப்போய் கிராணியின் கையைப் பிடித்து, ஆமாம், கையைப் பிடித்து, அந்தக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "நான் சொன்னா என்னைய காப்பாத்திக்கறேன்னு நெனப்பா. நீங்களே சொல்லுங்க" என்றார்.

கிராணியின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. லயத்துச் சனம் முழுக்கப் பின்னால் நின்றது. தோட்டத்தில் அந்தக் காலத்துக் கிராணி என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். தொழிலாளி வீட்டு வாசலில் நின்று தப்பை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

"துணிய கட்டச் சொன்னது நான்தான்மா" என்றார் கடைசியில். "செவப்புச் சாயம் தீந்துபோச்சு. ஸ்டோர்ல மஞ்ச துணிதான் இருந்துச்சு. நம்ம சனங்க என்ன நெனைப்பாங்கன்னு நான் யோசிக்கல."

அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கதவு திறந்தது. அத்தை சட்டியை நீட்டவில்லை. அம்மாவைப் பார்த்து, "ஈரல சுட்டுப் புள்ளைக்குக் குடுத்துட்டேன் அண்ணி" என்றார். நோயாளிப் பிள்ளைக்கு ஈரல்தான் முதலில்.

அவன் சுவரோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதை நேர்த்திக்கடன் பலிக்கிற அறிகுறி என்று நினைத்திருந்தார்கள். அப்பா அவனைத் தூக்கி லோரியில் போட்டார். அத்தை ஏறினார். அம்மா ஏறவில்லை. ஸ்டோரைத் திறக்கச் சொல்லி, காலியான விஷத் தகரம் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து, பிறகு ஏறினார். அந்த ஐந்து நிமிடத்துக்கு மாமா அவரைத் திட்டாத திட்டு இல்லை. மலாக்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன விஷம் என்பதுதானாம். அம்மா தகரத்தை நீட்டினார். அதில் ஒட்டியிருந்த ஆங்கிலத் தாளை அவர் படித்துவிட்டு ஓடினாராம்.

அவன் பிழைத்தான். இரண்டு வாரம் படுத்திருந்தான், பிழைத்தான். இளைப்பும் வயது ஏற ஏறத் தானாக விட்டுவிட்டது. இப்போது செர்காமில் இருக்கிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான், என்னைவிட நன்றாக மூச்சு விடுகிறான்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை கேட்ட கேள்வியை அம்மா எங்களிடம் ஒரு தரம்தான் சொன்னார். "நாலு நாளைக்கு முன்னாடியே பார்த்தீங்களா அண்ணி? பார்த்துட்டு சும்மாவா இருந்தீங்க?" அம்மா ஆமாம் என்றார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அம்மாவோடு பேசவில்லை. பீலியடியில் அம்மா வந்தால் அத்தை நகர்ந்துகொள்வார். தீபாவளிக்குப் பலகாரம் வரவில்லை. அம்மா அனுப்பியது திரும்பி வந்தது. அம்மா அதற்காக அழுததை நான் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அப்பா ஒரு நாள் கேட்டார். "எத?" என்றார் அம்மா. அப்பா அப்புறம் கேட்கவில்லை.

பூசைக்கு மறுநாள் திங்கட்கிழமை துணிகளையெல்லாம் கிராணியே அவிழ்த்தார். இனி என்ன அடையாளம் போடுவது என்று அம்மாவிடம் வந்து கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. "பழைய செருப்பும் தேஞ்ச வெளக்கமாறும் கட்டுங்க. அதுக்கு எவனும் சூடம் ஏத்த மாட்டான். ஆட்டுக்கு அது புரியாது, சுத்தி மூங்கில் முள்ள போடுங்க." வீட்டுக்கு வீடு பிய்ந்த செருப்பு வசூலித்தோம். வார் அறுந்த என் சிவப்புச் செருப்பும் போனது. துரை வந்து பார்த்துவிட்டு, தன் தோட்டத்தில் இது என்ன அசிங்கம் என்று கத்தினாராம். கிராணி அவருக்கு விளக்கிச் சொன்னார். அந்த மறுநடவு முடியும்வரை ஒரு ஆடு சாகவில்லை, ஒரு பிள்ளை அந்த மரங்களின் பக்கம் போகவில்லை.

வருடக் கடைசியில் பெரிய மழை. ஆற்று வெள்ளம் லயத்துக் கிணற்றுக்குள் புகுந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் வயிற்றுப்போக்கு என்று பேச்சு. அங்கே செத்தது இரண்டு பேர் என்றார்கள், இருபது என்றார்கள், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மழை விட்ட ஒரு காலையில் தண்டவாளம் அடித்தது. எல்லாரும் மேடைக்கு வந்தார்கள். அத்தை கிணற்றிலிருந்து நேராக, இரண்டு கையிலும் நிறைந்த வாளிகளோடு வந்து முன்னால் நின்றார்.

கிராணி ஒரு காகிதத்தைப் பிரித்தார். முதல் வரியை வாசிப்பதற்குள் கூட்டத்தில் சலசலப்பு.

"எங்க அண்ணி சொல்லட்டும்" என்றார் அத்தை. அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, கிராணியைப் பார்த்துச் சொன்னார்.

கிராணி காகிதத்தை மடித்து அம்மாவின் காதில் விவரத்தைச் சொன்னார். அம்மா மேடை ஏறினார். "கெணத்துல ஆத்துத் தண்ணி கலந்திருக்கு, அது நிச்சயம். கிருமி இருக்கான்னு தெரியாது, சோதிக்கறதுக்குப் போத்தல்ல எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. தெரியற வரைக்கும் இந்தத் தண்ணி குடிக்கவும் வேணாம், சமைக்கவும் வேணாம். லோரியில தண்ணி வருது, மத்தியானத்துக்குள்ள வந்துரும்."

அத்தை இரண்டு வாளியையும் அங்கேயே கவிழ்த்துவிட்டு, அம்மாவைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.